சொந்த விருப்பத்தின் பேரில்

ஜனவரி 5, திங்கள்

“சுஜின் அப்படிக் கேட்கவே இல்லையே, சார்” என்று இன்று நான் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குக் கூட்டம். எங்கள் கால்பந்து கிளப்பின் நிர்வாகி சந்தானம் சார், பயிற்சியாளர், டாக்டர், நான். அவர்கள் மூவரும் பேசினார்கள். நான் குறிப்பெடுத்தேன். பின்களத்தில் ஆடும் சுஜினுக்கு இடது முழங்காலில் தசைநார் அறுந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்தாலும் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் ஆகும். ஒப்பந்தம் இன்னும் பதினேழு மாதம் பாக்கி. இதற்கிடையில் கோல் அடிக்க ஒரு பிரேசில்காரரைக் கொண்டுவர வேண்டும். அவருக்கு இடம் இல்லை.

இடம் என்றால் மைதானத்தில் இல்லை, சம்பளத்தில். ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பருவத்துக்கு இவ்வளவுதான் தரலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. எல்லோரும் ‘கேப்’ என்பார்கள். பணக்கார முதலாளி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. நல்ல நோக்கம்தான். ஒப்பந்தம் முடியுமுன் கிளப் ஒருவனை அனுப்பிவிட்டால், அவன் போன பிறகும் மீதிச் சம்பளம் வரம்புக்குள் உட்கார்ந்திருக்கும். வேறு கிளப்புக்குக் கைமாற்றினால் அது அங்கே போய்விடும். ஆனால் கால் போனவனை யார் வாங்குவார்கள்? மூன்றாவது வழி ஒன்று உண்டு. ‘சொந்தக் காரணங்களுக்காக என்னை விடுவியுங்கள்’ என்று ஆட்டக்காரனே எழுதிக் கொடுத்தால் அந்த நிமிடமே அவன் வரம்பிலிருந்து நீங்கிவிடுகிறான். சம்பளம் கிடையாது, சிகிச்சையும் கிடையாது.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மிராசுதார்கள் நிலத்தைப் பண்ணையாள் பெயரிலும் கோயில் பெயரிலும் எழுதிவைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அங்கே நிலத்தை மறைக்க ஓர் ஆளின் பெயர் தேவைப்பட்டது. இங்கே ஓர் ஆளை மறைக்க அவனுடைய விருப்பமே தேவைப்படுகிறது.

என் பதவி, ஒப்பந்தப் பதிவு அலுவலர். விடுவிப்புக் கடிதத்தை ஆட்டக்காரனுக்குப் புரிகிற மொழியில் வாசித்து விளக்கி, ‘வாசித்துக் காட்டி விளக்கினேன், புரிந்துகொண்டார்’ என்று கீழே சான்று தருபவள் நான். என் கையெழுத்து இல்லாவிட்டால் லீக் அந்தக் கடிதத்தைத் தொடாது.

“லெட்டர் ரெடி பண்ணிடு மா,” என்றார் சார். “ஜூன்ல பண்ணினியே, அதே ஃபார்மேட்.”

“சரி சார்” என்றேன்.

விடுதிச் சமையலறைக்குக் கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

ரின்புயாவிடமிருந்து மெசேஜ். பதில் போடவில்லை.

ஜனவரி 8, வியாழன்

கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். ஜூன் மாதக் கோப்பைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். ஏழு நிமிட வேலை. அதற்கு மாலை வரை எடுத்துக்கொண்டேன். நடுவில் எழுந்து மேசை இழுப்பறைகள் மூன்றையும் துடைத்தேன். பக்கத்து அறையில் ஏசி சத்தம் அதிகம், கவனம் நிற்கவில்லை.

நூலகத்தில் எடுத்த எழுநூறு பக்க நாவலில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே நான்கு நாளாக நிற்கிறேன்.

ஜனவரி 10, சனி

பயிற்சி மைதானத்தில் பிசியோ அறையைத் தாண்டும்போது சுஜின் கூப்பிட்டான். தூத்தூர்க் கடற்கரைக்காரன். இருபத்துமூன்று வயது. முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு மேசைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, எனக்க பேப்பரு வந்துச்சா?”

“எந்தப் பேப்பர்?”

“சார் சொன்னாரே. ஒரு ஒப்பு போட்டா போதும், காலு செரியானதும் திரும்ப எடுத்துக்கிடுவோம்னு.”

“எங்க வச்சு சொன்னார்?”

“இங்க வச்சுத்தான். ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கிட்டு வந்தாரு.” சிரித்தான். “பயலுவ என்னைய உண்டு இல்லன்னு ஆக்குதானுவ அக்கா. ‘எலே, ஒனக்க முட்டுக்குள்ள ஒரு பிரேசில்காரன் மாட்டிக் கெடக்கான், சீக்கிரம் வெளிய விடுலே’ன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்ன சொல்ல? ஸ்கேன்ல அவன் தெரியலன்னேன்.”

நானும் சிரித்தேன். அதற்குள், “எப்ப அக்கா ஆபரேஷன்?” என்று கேட்டுவிட்டான். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மைதானத்தைச் சுற்றி நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். வந்த இரண்டு பேருந்துகளில் ஏறவில்லை. கூட்டம்.

ஜனவரி 12, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் ஏழு மாதமாக இதிலேயே எழுதாமல் ஒளித்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்கிழமை. ரின்புயா மிசோரத்துக்காரன். நடுக்களத்தில் ஆடுவான். வயது இருபத்திரண்டு. வலது கணுக்காலில் முறிவு, எலும்பு சரியாகக் கூடவில்லை. கடிதம் அன்று காலைதான் தயாரானது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் லீக்கின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்றார் சந்தானம் சார். ராகுகாலத்தில் அவர் ஒரு பேனாகூட வாங்கமாட்டார். ஒரு கோல்கீப்பரை ராகுகாலத்தில் பதிவு செய்துதான் நாசமாய்ப் போனோம் என்பது அவர் கணக்கு.

மணி பதினொன்று ஐம்பது. நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். ரின்புயாவுக்கு மைதானத்து ஆங்கிலம் தெரியும்: பாஸ், டைம், மேன் ஆன். நான் வாசித்தது அந்த ஆங்கிலம் இல்லை. மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம் தலையசைத்து, “யெஸ் மேடம்” என்றான். நான்கு நிமிடம். அவன் கையெழுத்துப் போட்டான். புரிந்துகொண்டார் என்று நானும் போட்டேன். இணையத்தில் ஏற்றியபோது பதினொன்று ஐம்பத்தெட்டு. சார் என் தோளைத் தட்டினார்.

அது வீட்டுக்குப் போய் ஓய்வெடுப்பதற்கான லீவு லெட்டர் என்று ரின்புயா நினைத்திருக்கிறான். ஆகஸ்டில் முதல் மெசேஜ் வந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒன்று. டிசம்பரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரப் படத்தோடு. ஒரே கேள்விதான்: ‘குட் மார்னிங் மேடம். ஆபரேஷன் தேதி வந்ததா?’

ஆறு மெசேஜ்கள். ஒன்றுக்கும் நான் பதில் அனுப்பவில்லை.

ஜனவரி 14, புதன்

போகி. விடுதி வாசலில் பெண்கள் பழைய பாய், உடைந்த முறம், கல்லூரி நோட்டுகள் எரித்தார்கள். உங்களிடம் ஒன்றும் இல்லையா என்று வார்டன் கேட்டார். என்னுடையது அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கிறது.

ஜனவரி 17, சனி

விடுதி வாடகையை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே கட்டினேன். “என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?” என்றார் வார்டன். சும்மாதான் என்றேன். போர்வை துவைத்தேன். அலுவலகத்தில் இருந்த என் தண்ணீர் பாட்டில், குடை, இரண்டு புத்தகங்கள் ஆகியவற்றை நேற்றே எடுத்து வந்தது குடை தேவைப்பட்டதால். மழை இல்லை என்பது உண்மை.

ஜனவரி 19, திங்கள்

ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். அதனால் ஒன்பதேகாலுக்கு வரச் சொல்லியிருந்தார் சார். சுஜின் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். சர்ச்சுக்குப் போகிறவன்போல வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. சார் தன் பேனாவைத் திறந்து அவன் பக்கம் வைத்தார்.

தமிழில் வாசித்தேன். “எனது சொந்தக் காரணங்களுக்காக, எனது சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி...” நிறுத்தினேன். “அதாவது இதை நீதான் கேக்கறேன்னு எழுதியிருக்கு, சுஜின். கிளப் உன்னை அனுப்பல. நீயா போறே.”

“நான் எங்க கேட்டேன்?” சாரைப் பார்த்தான்.

“ஃபார்மாலிட்டிப்பா. எல்லா லெட்டரும் அப்படித்தான் இருக்கும்,” என்றார் அவர். “தாட்சாயணி, நீ வாசி மா. வக்கீல் வேலை வேண்டாம்.”

“விளக்கினேன்னு கீழ நான் கையெழுத்துப் போடணும் சார். அதான் விளக்கறேன்.”

மேலே வாசித்தேன். “இன்று முதல் சம்பளம், தங்குமிடம், சிகிச்சை எதையும் கிளப்பிடம் கோரமாட்டேன். சிகிச்சைன்னா உன் ஆபரேஷன். இதுல கையெழுத்துப் போட்டா கிளப் அதைப் பண்ணாது.”

“காலு செரியானதும் எடுத்துக்கிடுவோம்னு சார் சொன்னாருல்லா?”

“அது இந்தப் பேப்பர்ல இல்ல.”

“என் வாய்வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லையா, சுஜின்?” சாரின் குரலில் உண்மையாகவே காயம்பட்டிருந்தது. எனக்கு அவர் நடிக்கிறார் என்று தோன்றவில்லை. அதுதான் கஷ்டம். சொல்லும்போது நம்பித்தான் சொல்லியிருப்பார்.

சுஜினுக்கு முகம் சிவந்துவிட்டது. “அய்யோ, அப்படியில்ல சார்.” பேனாவை எடுத்தான். “செரி அக்கா. நான் போடுதேன். நம்மளால ஒரு ஆளு வராம டீமு தோத்துப் போச்சுன்னு வேண்டாம். முட்டுதானே, ஊர்ல எங்கயாவது பாத்துக்கிடலாம்.”

எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டார் என்று இப்போது நான் கையெழுத்துப் போட்டால் அது பொய்யாகாது. இவ்வளவு சுத்தமாக என் கை கழுவப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி அந்தச் சுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு கைபேசியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

“இவரு யாரு?”

“ரின்புயா. நீ வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி போனவர். இதே லெட்டர்தான். நான்தான் வாசிச்சேன்.”

“தாட்சாயணி,” என்றார் சார்.

சுஜின் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளிப் படித்தான். ஜனவரி, டிசம்பர், நவம்பர். ஆகஸ்ட் வரை போய்விட்டு மறுபடி கீழே வந்தான். குட் மார்னிங் மேடம் என்று ஆறு முறை. என் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

“இந்த மனுசனுக்கு நீங்க ஏன் ஒரு பதிலு சொல்லல?”

தெரியவில்லை என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. காயம்பட்ட ஒருவன் இன்னொரு காயத்தைப் பார்க்கிற பார்வை. பிறகு மேசையில் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடி, இரண்டு கையாலும் சாரிடம் நீட்டினான்.

“வேண்டாம் சார். நான் கேக்கல. கேக்காதத கேட்டேன்னு எழுதித் தரமாட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல.”

“யோசிச்சாச்சு சார்.” ஊன்றுகோலை எடுத்தான். “ஆரஞ்சுப் பழத்துக்கு தேங்க்ஸ்.”

ஜனவரி 20, செவ்வாய்

பாதி நாள் விடுப்பு. மிசோ மக்கள் ஞாயிறுதோறும் கூடும் தேவாலயத்தில் விசாரித்து ஒரு நர்ஸின் எண் வாங்கியிருந்தேன். பெயர் ஸோதன்புயி. தனியார் மருத்துவமனையில் வேலை, நோயாளிகளிடம் கற்ற தமிழ். அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து ரின்புயாவைக் கூப்பிட்டோம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“மேடம்! டேட்?”

கைபேசியை ஸோதன்புயியிடம் கொடுத்தேன். அவள் ஜூன் மாதக் கடிதத்தை வரிவரியாக மிசோவில் சொன்னாள். ஒரு வரியை அவன் இரண்டு முறை திரும்பக் கேட்டான். எந்த வரி என்று நான் கேட்கவில்லை, தாளில் அவள் விரல் எங்கே இருந்தது என்று பார்த்தேன். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அவளுடைய சோறு ஆறிப் போயிற்று.

பிறகு அவன் ஏதோ சொன்னான்.

“அவங்க கேக்கறாங்க அக்கா, ‘அப்போ தேதி யாருமே பாக்கலையா?’ன்னு.” கைபேசியை என் பக்கம் தள்ளினாள். “இது நீங்களே சொல்லுங்க. நோ சொன்னா புரியும்.”

“நோ, ரின்,” என்றேன்.

“ஓகே மேடம்,” என்றான். பிறகு “தேங்க்யூ” என்றான். திட்டியிருக்கலாம்.

என் சான்று பொய் என்று லீக்குக்கு எழுதப் போகிறேன், உன் சார்பிலும் ஒரு புகார் சேர்க்கலாமா என்று ஸோதன்புயி வழியாகக் கேட்டேன். அவன் பதில் இரண்டு சொல்தான். அவள் மொழிபெயர்த்ததும் இரண்டு சொல்: “எழுதுங்க. சீக்கிரம்.”

ஜனவரி 21, புதன்

அனுப்பினேன். ஒரு பக்கம். ‘ஜூன் 25 அன்று நான் அளித்த சான்று பொய். ஆட்டக்காரருக்குப் புரியாத மொழியில் நான்கு நிமிடம் வாசித்தேன். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.’ கடைசி வாக்கியத்தை நான்கு முறை அழித்து நான்கு முறை எழுதினேன். விட்டுவிடவில்லை. சந்தானம் சாருக்கும் ஒரு நகல்.

இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார். சம்பளத் தாள் அவர் முன்னால் இருந்தது.

“உன் கையெழுத்தை நீ வாபஸ் வாங்கினா அவன் இன்னும் நம்ம ஆளு. அவன் சம்பளம் கேப்ல ஏறும். ஏறினா நாம வரம்புக்கு மேல. பாயின்ட் வெட்டுவான். தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார். அந்தத் தாளை நான்தான் போடறேன்.”

“நீ ரொம்பப் படிக்கறே மா. அதான் பிரச்சினை. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். எல்லா கிளப்பும் இதைத்தான் பண்றான்.”

“விதி சம்பளத்துக்கு வச்சாங்க சார். நாம அதை ஆட்டக்காரன் விருப்பத்துக்கு வச்சுட்டோம்.”

“எழுதற மாதிரியே பேசாதே. உன் பேரும் போகும். எந்த கிளப்பும் எடுக்கமாட்டான்.”

“போகட்டும் சார்.”

“எனக்கும் மேல ஒருத்தர் இருக்கார் மா. அவர்கிட்ட நான் என்ன சொல்ல?”

“நான் கேக்காம பண்ணிட்டேன்னு சொல்லுங்க. அது நிஜம்தானே.”

நாற்காலியில் சாய்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

“இதைப் போய் ராகுகாலத்துல அனுப்பியிருக்கியே,” என்றார்.

இந்த மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அவருக்கு மிகவும் வருத்தம்.

ஜனவரி 31, சனி

இன்று மாலையோடு ஆட்டக்காரர்களைச் சேர்க்கவும் மாற்றவும் கெடு முடிந்தது. பிரேசில்காரர் வேறு கிளப்பில் சேர்ந்துவிட்டார். சுஜின் பட்டியலிலேயே இருக்கிறான். சக ஆட்டக்காரர்கள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள், ‘இனி அவனுக்கும் சேத்து நீயே கோல் அடி’ என்று சொல்லிச் சாப்பாட்டு மேசையில் இடம் விட்டார்களாம். போனில் சொன்னான்.

திங்கள் முதல் நான் வர வேண்டாம் என்று மின்னஞ்சல். ‘பரஸ்பர சம்மதத்துடன்’ என்று போட்டிருந்தது. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, ஆகவே அந்தச் சொற்களை நீக்கிவிட்டு அனுப்பவும் என்று பதில் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் நீக்கி அனுப்பினார்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வீட்டுக்குச் சொன்னேன்.

“எதையாச்சும் எடுத்துட்டியா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

“அப்புறம் ஏன் கொரல் இப்படி இருக்கு?”

சளி என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

லீக்கின் விசாரணைக் குழு காணொளியில் கூப்பிட்டது. மூன்று பேர். ரின்புயாவும் இருந்தான். அவனுக்காக ஸோதன்புயி. கிளப்பின் வழக்கறிஞர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏழு மாதம் ஏன் காத்திருந்தீர்கள்?”

பயம் என்றேன். பிறகு, அது மட்டும் இல்லை, சோம்பலும் என்றேன். பதில் போடாமல் இருப்பது எளிதாக இருந்தது. இரண்டையும் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கேட்டேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது உங்களுக்கு எதிராகப் போகும், புரிகிறதா?” என்றார்.

“எனக்குப் புரிகிற மொழியில்தான் கேட்டீர்கள்,” என்றேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சுஜினுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் போட்ட காலின் படம் அனுப்பியிருக்கிறான். கீழே, ‘பிரேசில்காரன எடுத்தாச்சு.’

உடனே பதில் அனுப்பினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

தீர்ப்பு மார்ச் நடுவிலேயே வந்துவிட்டது. ஜூன் 25 விடுவிப்பு செல்லாது. கிளப் சம்பள உச்சவரம்பைத் தாண்டியதாகக் கொண்டு ஆறு புள்ளிகள் வெட்டப்பட்டன. எந்தக் கிளப்பிலும் பதிவு அலுவலராக இருக்க எனக்கு மூன்று ஆண்டு தடை. ரின்புயாவுக்கு மீதிச் சம்பளமும் சிகிச்சையும் கிளப் தர வேண்டும்.

சென்ற வாரம் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். ஒன்பது மாதத்தில் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. மறுபடி உடைத்து, நேராக்கி, தகடு வைத்து நேற்று தைத்தார்கள். வலியில்லாமல் நடப்பான். பந்து ஆட முடியாது.